ஐந்து சர்க்கரையில் எழுதிய பெயர்

2025 ஜனவரி. புனேயின் தென்மேற்கு ஓரத்தில், சிங்ககட் கோட்டைக்குப் போகும் சாலையை ஒட்டிய குடியிருப்புகளில் பலருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. இரண்டு மூன்று நாளில் தானாக நின்றும்போனது. அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து அவர்களில் சிலருக்குப் பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல மதமதப்பு. மாடிப்படி ஏறும்போது முழங்கால் தானாக மடங்கியது. செருப்பு காலைவிட்டு நழுவியது தெரியவில்லை. மறுநாள் கைக்குப் பரவி, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. சிலருக்கு அதற்கும் அடுத்த நாள் மூச்சு விடுவதே பாடாகி, வென்டிலேட்டர் வைக்க வேண்டியதாயிற்று.

கில்லன் பாரே நோய். செய்தித்தாள்கள் ஜிபிஎஸ் என்று எழுதின. சாதாரணமாக ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வருகிற அரிய நோய் இது. புனேயில் சில வாரங்களுக்குள் 200 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், இறப்புகளும் நேர்ந்தன. நாந்தேட், கிர்கட்வாடி, தாயரி என்று அதுவரை வெளியூர்க்காரர்கள் கேள்விப்படாத ஊர்ப் பெயர்கள் நாடெங்கும் அடிபட்டன. நோயாளிகளின் மல மாதிரிகளைச் சோதித்தது அதே ஊரில் இருக்கும் தேசிய வைராலஜி நிறுவனம். வைரஸ்களுக்காகவே 1952இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் சோதனையில், பல மாதிரிகளில் கிடைத்தது ஒரு பாக்டீரியா: காம்பிலோபாக்டர் ஜெஜுனி. கோழியின் குடலில் அதற்கு ஒரு தொந்தரவும் தராமல் வாழும் கிருமி. அசுத்தமான தண்ணீர் வழியாகவும் சரியாக வேகாத இறைச்சி வழியாகவும் நம் வயிற்றுக்குள் வரும்.

வயிற்றைக் கலக்கும் ஒரு கிருமி, போய்ச் சேர்ந்த பத்தாவது நாளில் எப்படிக் காலை மடக்குகிறது? கிருமி நரம்புக்குள் நுழைவதில்லை. நரம்பைத் தின்னும் நஞ்சு எதையும் அது விட்டுவிட்டுப் போவதுமில்லை. விடை நம் செல்களைச் சுற்றியிருக்கும் சவ்வில் இருக்கிறது. அந்தச் சவ்வின் தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர். பத்தாயிரம் சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் செய்தித்தாளின் ஒரு தாளளவு தடிமன் வராது. பள்ளிப் புத்தகத்தில் செல்லை வரையும்போது வெளியே ஒரு கோடு போட்டு, அம்புக்குறியிட்டு, ‘செல் சவ்வு’ என்று எழுதிவிட்டு உள்ளே போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் வரைந்து மதிப்பெண் வாங்கினேன். அந்தக் கோட்டின்மேல்தான் உயிரின் பாதி வேலை நடக்கிறது என்பது வெகு காலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அந்தச் சவ்வு எதனால் ஆனது என்று கண்டுபிடித்த கதை ஒரு சமையலறையில் தொடங்குகிறது. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆக்னஸ் பாக்கல்ஸ் என்ற பெண் இருந்தார். அந்தக் காலத்தில் பல்கலைக்கழகக் கதவு பெண்களுக்குத் திறக்கவில்லை. நோயுற்ற பெற்றோரைக் கவனித்துக்கொண்டு, பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்தவர், கழுவும் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு எப்படிப் பரவுகிறது என்று பார்க்கத் தொடங்கினார். ஒரு தகரத் தொட்டி, தண்ணீரின் பரப்பைக் கூட்டவும் குறைக்கவும் நகர்த்தக்கூடிய ஒரு பட்டை, ஒரு சிறிய தராசு. கொஞ்சம் எண்ணெய் எவ்வளவு பரப்பை மூடும் என்பதை இவற்றைக் கொண்டே அளந்தார். இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதம் 1891இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. பிற்பாடு இர்விங் லாங்மியூர் அந்தத் தொட்டியை மேம்படுத்தி, தண்ணீரின் மேல் எண்ணெய் ஒரே ஒரு மூலக்கூறு தடிமனுள்ள படலமாகப் பரவும் என்று காட்டினார்.

1925இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் குழந்தை மருத்துவர் கோர்ட்டரும் அவருடைய உதவியாளர் கிரெண்டலும் அதே வகைத் தொட்டியை எடுத்துக்கொண்டார்கள். ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீரின் மேல் பரப்பினார்கள். சிவப்பணுக்களுக்குள் வேறு சவ்வுகள் இல்லை. கிடைக்கும் கொழுப்பு முழுக்க வெளிச்சவ்வினுடையது. பரவிய படலத்தை அளந்து பார்த்தால், அந்தச் சிவப்பணுக்களின் மொத்த மேற்பரப்பைப்போல இரண்டு மடங்கு வந்தது. மனிதன், நாய், ஆடு, முயல் என்று எந்த ரத்தத்தை எடுத்தாலும் அதே இரண்டு மடங்கு. ஆகவே சவ்வு கொழுப்பின் இரட்டை அடுக்கு. இதில் ஒரு சுவையான விஷயம்: அவர்கள் கொழுப்பை முழுமையாகப் பிரித்தெடுக்கவில்லை; சிவப்பணுவின் மேற்பரப்பையும் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு தவறும் ஒன்றையொன்று சரிக்கட்டி, சரியான விடையைக் கொண்டுவந்து வைத்தன.

ஏன் இரட்டை? ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கோவையில் எண்ணெய்க்கு இடமில்லை. ஒதுக்கப்பட்ட எண்ணெய் தனக்குள் கூடிக்கொள்கிறது. சவ்வில் இருக்கும் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்புக்கு இரண்டு குணம். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். பின்னால் தொங்கும் இரண்டு வால்களுக்குத் தண்ணீர் ஆகாது. இப்படிப்பட்ட கோடிக்கணக்கான மூலக்கூறுகளைத் தண்ணீரில் விட்டால், தலைகள் வெளியே பார்க்க, வால்கள் உள்ளே ஒளிந்துகொள்ள, இரண்டு வரிசையாக அவை தாமாகவே அமர்ந்துவிடும். கொத்தனார் வேண்டாம், வரைபடம் வேண்டாம். ஊசியால் குத்தினாலும் சிறு ஓட்டை தானே மூடிக்கொள்ளும். திறந்த ஓரத்தில் வால்கள் தண்ணீரில் படுவதை அந்த அமைப்பு பொறுத்துக்கொள்வதில்லை.

இதை ஒரு சுவர் என்று நினைத்துவிடக் கூடாது. 1970இல் ஃபிரை, எடிடின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலியின் செல்லையும் மனிதனின் செல்லையும் ஒன்றாக ஒட்டவைத்தார்கள். எலியின் சவ்வுப் புரதங்களுக்கு ஒரு நிறம், மனிதனுடையவற்றுக்கு வேறு நிறம். ஒட்டிய புதிதில் பாதிக்குப் பாதியாக இரண்டு நிறமும் பிரிந்து தெரிந்தன. நாற்பது நிமிடத்தில் இரண்டும் முழுக்கக் கலந்துவிட்டன. குளிர்ச்சியில் வைத்தால் கலக்கவில்லை. சவ்வு உறைந்த பலகை இல்லை, எண்ணெய்போல ஓடிக்கொண்டிருக்கும் பரப்பு. புரதங்கள் அதில் தெப்பம்போல மிதக்கின்றன. இரண்டு ஆண்டு கழித்து, 1972இல், சிங்கரும் நிக்கல்சனும் இந்தப் படத்தை முழுமையாக்கி எழுதியதைத்தான் இன்றைக்கும் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன.

எண்ணெயாலான வேலி என்றால் எதையெல்லாம் விடும்? ஆக்சிஜனும் கரியமில வாயுவும் கேட்காமலே கடந்துபோகும். நுரையீரலில் காற்று மாறுவது இதனால்தான். கொழுப்பில் கரையும் பொருள்களும் அப்படியே. ஆனால் மின்னேற்றம் கொண்ட ஒரு சோடியம் அயனிக்கு அந்த 5 நானோமீட்டர் கடக்க முடியாத பாலைவனம். தன்னைச் சூழ்ந்திருக்கும் தண்ணீரைக் கழற்றி வைத்துவிட்டு அது எண்ணெய்க்குள் இறங்காது. குளுக்கோஸுக்கும் ஏறத்தாழ அதே நிலைதான். ஆகவே கதவுகள் வேண்டும். அந்தக் கதவுகள்தான் புரதங்கள்.

தண்ணீருக்கே ஒரு தனிக் கதவு உண்டு என்பது 1992 வரை தெரியாது. பீட்டர் ஏக்ரி ரத்த வகை தொடர்பான ஒரு புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, வேண்டாத ஒரு புரதம் திரும்பத் திரும்பக் கலந்து வந்தது. அது என்னவென்று பார்க்க, அதைத் தவளை முட்டைக்குள் உருவாக வைத்து, முட்டையை வெறும் தண்ணீரில் போட்டார். சாதாரணத் தவளை முட்டை குளத்து நீரில் ஒன்றும் ஆகாமல் கிடக்கும். இது ஊதிப் பெருத்து வெடித்தது. அந்தப் புரதத்தின் ஒரே ஒரு துளை வழியாக நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி தண்ணீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் போகின்றன. ஒரு புரோட்டான்கூடக் கூடவே ஒட்டிக்கொண்டு போவதில்லை.

பொட்டாசியத்தின் கதவு அதைவிட ஆச்சரியம். சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியது. இருந்தும் அந்தக் கதவு பெரியதை விட்டுவிட்டுச் சிறியதை நிறுத்துகிறது. பெரிய மாடு நுழையும் சந்தில் கன்றுக்குட்டி எப்படி மாட்டிக்கொள்ளும்? 1998இல் ரோடரிக் மெக்கின்னன் அந்தக் கதவின் அணு அமைப்பைப் படம் பிடித்துக் காட்டினார். துளையின் உள்பக்கம் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக, பொட்டாசியத்தைச் சூழ்ந்திருந்த தண்ணீர் இருந்த அதே தூரத்தில் நிற்கின்றன. தண்ணீரைக் கழற்றிவிட்டு வரும் பொட்டாசியத்துக்கு, கழற்றியதற்கு ஈடாக அந்த அணைப்பு கிடைத்துவிடுகிறது. சிறிய சோடியத்துக்கு அந்த ஆக்சிஜன்கள் எட்டுவதில்லை. தன் தண்ணீரை விட்டுக்கொடுக்க அதற்கு மனம் வராது, வெளியே நின்றுவிடும். ஏக்ரிக்கும் மெக்கின்னனுக்கும் 2003இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொடுத்தார்கள்.

கதவுகள் போக, இறைப்பவையும் உண்டு. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957இல் நண்டின் நரம்பில் கண்டுபிடித்த ஒரு புரதம், செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றை எரித்து, மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த இறைப்புக்கே போகிறது. இதன் விளைவாக வெளியே சோடியம், உள்ளே பொட்டாசியம் என்று குவிகிறது. சவ்வின் இருபுறமும் 70 மில்லிவோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் நிற்கிறது. 70 மில்லிவோல்ட் ஒரு பிசாத்துத் தொகை என்று தோன்றும். அதை 5 நானோமீட்டரால் வகுத்துப் பாருங்கள்: மீட்டருக்கு ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் வோல்ட். காற்றில் பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். நம் நரம்புச் செல் ஒவ்வொன்றும் இப்படியொரு அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு அமைதியாக இருக்கிறது.

நரம்பு பேசுவது இந்த அழுத்தத்தைச் செலவழித்துத்தான். நரம்பிழையைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை சுற்றியிருக்கும், மின்கம்பியின் மேல் உள்ள பிளாஸ்டிக் உறைபோல. ஆனால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அந்த உறையில் ஒரு சின்ன இடைவெளி. ரான்வியேர் கணு என்று பெயர். சோடியம் கதவுகள் அந்தக் கணுக்களில்தான் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. கதவு திறக்கிறது, சோடியம் பாய்கிறது, அழுத்தம் சரிகிறது, அடுத்த கணுவின் கதவு திறக்கிறது. நொடிக்கு 50 மீட்டருக்கு மேலான வேகத்தில், முதுகுத்தண்டிலிருந்து கட்டைவிரல்வரை செய்தி கணுவுக்குக் கணு தாவிப் போகிறது.

இனி புனேக்குத் திரும்பலாம். இதுவரை சவ்வின் கொழுப்பையும் புரதத்தையும் சொன்னேன்; மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, சர்க்கரை. சவ்வின் வெளிப்புறத்தில் பல கொழுப்புகளும் புரதங்களும் சர்க்கரைச் சங்கிலிகளைச் சூடிக்கொண்டு நிற்கும். வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டுவதுபோல. இது யாருடைய செல், எந்த உறுப்பைச் சேர்ந்தது என்பதை மற்றச் செல்கள் அந்தச் சர்க்கரையைத் தடவிப் படிக்கின்றன. நரம்புச் செல்களில் நிறைய இருக்கும் ஒரு பலகைக்கு ஜிஎம்1 என்று பெயர். கேங்ளியோசைடு என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. கொழுப்புப் பகுதி சவ்வுக்குள் ஆழப் புதைந்திருக்க, வெளியே ஐந்து சர்க்கரைகள் நீட்டிக்கொண்டிருக்கும்: ஒரு குளுக்கோஸ், இரண்டு கேலக்டோஸ், ஒரு கேலக்டோஸமைன், பக்கவாட்டில் ஒரு சியாலிக் அமிலம். ரான்வியேர் கணுக்களில் இந்தப் பலகை ஏராளம்.

காம்பிலோபாக்டரின் சில வகைகள் தங்கள் மேலுறையில் இதே சர்க்கரைகளை இதே வரிசையில் அணிந்துகொள்கின்றன. காவலாளியிடம் வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லி உள்ளே நுழைவதுபோல. நம் நோயெதிர்ப்பு மண்டலம் தன் உடலின் அடையாளங்களைத் தாக்கக் கூடாது என்று பழகியிருப்பதால் பெரும்பாலும் இந்த வேடம் பலிக்கிறது. எப்போதாவது பலிக்காமல் போகிறது. அப்போது ஆன்டிபாடி என்ற எதிர்ப்புரதம் அந்த ஐந்து சர்க்கரைக்கு எதிராகவே உருவாகிறது. குடலில் கிருமி ஒழிந்துவிடும். எதிர்ப்புரதம் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அது உருவாகிப் பெருக எடுக்கும் காலம்தான் அந்த ஒரு வாரம், பத்து நாள். சுற்றிவரும்போது நரம்பின் கணுவில் அதே பெயர்ப்பலகையைப் பார்க்கிறது.

ஜப்பானிய மருத்துவர் நொபுஹிரோ யூகி 1990களின் தொடக்கத்தில் இந்த ஒற்றுமையைக் கண்டு சொன்னார். 2004இல் அவரும் சகாக்களும் காம்பிலோபாக்டரின் அந்தச் சர்க்கரைப் பொருளை முயல்களுக்குச் செலுத்தியபோது முயல்களின் கால்கள் தளர்ந்தன. கிருமியே தேவைப்படவில்லை, அதன் மேலாடை போதுமாயிருந்தது.

கணுவில் போய் உட்காரும் எதிர்ப்புரதம் தானாகப் பெரிய கேடு செய்வதில்லை. ‘இங்கே எதிரி’ என்று கொடி நாட்டுகிறது. ரத்தத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம் அந்தக் கொடியைப் பார்த்து வந்து, வட்டமாகக் கைகோத்து, சவ்வைத் துளைத்து நிற்கும். பத்து நானோமீட்டர் அளவுக்கு ஒரு குழாய். பொட்டாசியமா சோடியமா என்று அணுவின் அளவைப் பார்த்துப் பார்த்துத் திறந்த கதவுகள் இருந்த இடத்தில், எதையும் கேட்காத ஒரு ஓட்டை. கால்சியம் உள்ளே கொட்டுகிறது. சோடியம் கதவுகளின் கூட்டம் கலைகிறது. முதுகுத்தண்டிலிருந்து புறப்பட்ட செய்தி அந்தக் கணுவில் வந்து நின்றுவிடுகிறது. நோயாளியின் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, தசைக்கு ஒன்றும் ஆகவில்லை. நடுவில் ஒரு மைக்ரோமீட்டர் நீளச் சவ்வு ஓட்டையாகிவிட்டது, அவ்வளவுதான். காலை அசைக்க நினைக்கிறார், கால் அசையவில்லை. ஜிபிஎஸ் நோய்க்குப் பல வழிகள் உண்டு, சிலருக்கு மயலின் உறையே தாக்கப்படுகிறது. காம்பிலோபாக்டரை அடுத்து வரும் நோயில் நன்றாகத் தெரிந்த வழி இதுதான். அந்தக் கிருமி தாக்கிய ஆயிரம் பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் இப்படி ஆகிறது.

இதே ஜிஎம்1 வேறொரு கதையிலும் இருக்கிறது. அதுவும் இந்தியக் கதை. 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே, காலரா கிருமி வெளியிடும் நஞ்சே உயிரைக் குடிக்கிறது, கிருமி குடலைத் தாண்டிப் போவதே இல்லை என்று நிறுவினார். முயலின் குடலில் ஒரு பகுதியை இரு முனையிலும் கட்டி அதில் செய்த சோதனை. அவருக்கு உரிய மரியாதை அவர் உயிரோடு இருந்தபோது கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. அந்த நஞ்சு குடல் செல்லில் பற்றிக்கொள்ளும் கொளுக்கி எது என்பது 1970களில் தெரியவந்தது. ஜிஎம்1 பெயர்ப்பலகையேதான். நஞ்சு ஐந்து விரல்களால் ஐந்து ஜிஎம்1ஐப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், குளோரைடு கதவு ஒன்றை மூடவிடாமல் செய்கிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியம் அதன் பின்னால் போக, தண்ணீர் எல்லாவற்றின் பின்னாலும் போகிறது. ஒரு நாளில் பத்து லிட்டருக்கு மேல்கூட இழந்து மனிதன் வற்றிச் சாகிறான்.

ஆனால் இன்னொரு கதவை அந்த நஞ்சு தொடுவதில்லை. 1960இல் பிராக் நகரில் ராபர்ட் கிரேன் அறிவித்த கதவு அது: குளுக்கோஸும் சோடியமும் கூட்டாக வந்தால் மட்டும் திறக்கும். வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால் காலரா நோயாளியின் குடல் ஏற்காது. உப்போடு சர்க்கரையைச் சேர்த்தால் ஏற்கும், பின்னாலேயே தண்ணீரும் உள்ளே வரும். 1971இல் வங்கதேசப் போரிலிருந்து தப்பி வந்த அகதிகள் போங்காவ் மருத்துவமனையின் தரையெல்லாம் கிடந்தபோது, ரத்தநாளத்தில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கலந்து, உறவினர்களையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். முகாம்களில் 30 சதவீதம்வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக்கடையில் வாங்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தில் சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல் என்று சரிக்குச் சரியாக இருப்பது அந்த ஒரு கதவின் கணக்குக்காக. வயிற்றுப்போக்குக்குப் பாட்டிமார் கொடுத்த உப்புக்கஞ்சியிலும் அரிசியின் மாவு குடலில் குளுக்கோஸாக உடைந்து அதே கதவைத் தட்டியது.

ஒரே பெயர்ப்பலகை. குடலில் காலரா நஞ்சுக்குப் பிடிமானம். நரம்பில், கிருமியோடு நடந்த சண்டையின் மிச்சம் வந்து விழும் இடம். அப்படியானால் இந்தப் பலகையே இல்லாமல் இருந்தால் என்ன? அதையும் பார்த்திருக்கிறார்கள். இந்தக் குடும்பத்துச் சர்க்கரைக் கொழுப்புகளைச் செய்ய முடியாதபடி மரபணுவை மாற்றிய எலிகளில், வயதாக ஆக நரம்பிழைகள் சிதைந்தன, நடை தடுமாறியது. கணுவில் கதவுகளையும் உறையையும் அதனதன் இடத்தில் நிறுத்தி வைப்பதில் அந்தப் பலகைக்குப் பங்கிருக்கிறது.

புனேயில் நோயாளிகளுக்குக் கொடுத்த மருந்தும் எதிர்ப்புரதம்தான். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலின். உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள். அறுபது கிலோ ஆளுக்கு மொத்தம் 120 கிராம், முன்பின் தெரியாத அத்தனை பேருடைய உடல் செய்த புரதம். இல்லையென்றால் பிளாஸ்மாவையே வடித்து மாற்றும் முறை. இரண்டும் தாக்குதலின் உக்கிரத்தைத் தணிக்கும். ஓட்டையான சவ்வைச் சரிசெய்யும் மருந்து எதுவும் இல்லை. அதை நரம்பே செய்துகொள்ள வேண்டும். கணு மட்டும் பழுதானவர்கள் சில வாரங்களில் எழுந்து நிற்கிறார்கள். இழையே அறுந்துபோயிருந்தால் அது நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து தசையைத் தேடி வர வேண்டும், மாதக்கணக்கில். வென்டிலேட்டர் குழாயை எடுத்த பிறகு பிசியோதெரபி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்து இரண்டடி, மறுநாள் மூன்றடி.

அந்த மாதங்களில் ரத்தத்திலிருக்கும் எதிர்ப்புரதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். கணுவின் சவ்வு மூடிக்கொள்ளும், சோடியம் கதவுகள் பழைய இடத்துக்கு வந்து கூடும். அவற்றுக்கு நடுவே ஜிஎம்1 மறுபடியும் நிற்கும், அதே ஐந்து சர்க்கரையோடு, ஒரு எழுத்தும் மாறாமல்.